பதில் தள்ளாத படகு

கடலூர் முதுநகர்
16 ஜூன் 2024

வெண்மதி,

உறையைப் பார்த்துவிட்டு ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று நினைத்திருப்பாய். ஒரு போனில் முடிகிற விஷயம்தான். ஆனால் நான் கேட்கப் போவதைக் கேட்டதும் நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் காதால் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. இதைப் படித்து நீ எவ்வளவு சிரித்தாலும் சிதம்பரத்திலிருந்து முதுநகருக்குக் கேட்காது.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ரக்பி அணி ஆரம்பித்திருக்கிறேன். எச்.எம். மேடத்தின் யோசனை. "கபடின்னா ஜில்லாவுல இருக்கிற அத்தனை ஸ்கூலும் வருது. யாரும் ஆடாத ஆட்டமா பாத்து எறங்குங்க டீச்சர், கப்பு நிச்சயம்" என்றார். ஆகஸ்ட் மாதம் மாவட்டப் போட்டி. உன் பிள்ளைகளும் வருவார்கள் என்று தெரியும். என் பிள்ளைகளில் பாதிப் பேர் சிங்காரத்தோப்பு மீனவர் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஓடுகிறார்கள், பிடிக்கிறார்கள், விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுகிறார்கள்.

தகராறு எல்லாம் ஸ்கிரமில்தான். இரண்டு பக்கமும் மும்மூன்று பேர் தோள் கோர்த்துக் குனிந்து, எதிராளிகளின் தலைகளுக்கு நடுவே தலையைக் கொடுத்து, உள்ளே உருட்டிவிடும் பந்துக்காகத் தள்ளுவார்கள் என்பதைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலேஜ் டீமில் நீ முதல் வரிசை. நான் விங். நீங்கள் அங்கே மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தபோதெல்லாம் நான் ஓரக் கோட்டில் கொசு அடித்துக்கொண்டு நின்றவள். இந்த லட்சணத்தில், போன மாதம் ஆசிரியர் முகாமில் யாரோ கேட்டதற்கு, நானும் முதல் வரிசை ஆடியவள்தான் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

தள்ளிப் பழக ஒரு மெஷின் இருக்கிறதாமே. வீடியோவில் பார்த்தேன். அதை வாங்குவதற்குப் பதில் எச்.எம். மேடம் என்னை விற்றுவிடுவார். எங்களிடம் இருப்பது இரண்டு பந்தும் ஒரு ஹைஜம்ப் மெத்தையும். அந்த மெத்தையிலும் இப்போது ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது.

சொல்லிக்கொடு. யாரிடமும் சொல்லாதே.

சிந்தியா

*

சிதம்பரம்
21 ஜூன் 2024

சிந்தியா,

சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். ஆனாலும் நீ எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. போனில் சொன்னால் "சரிடி சரிடி" என்று பாதியில் வைத்துவிடுவாய். இதைத் திரும்பத் திரும்பப் படி.

மெஷின் இல்லை என்று அழாதே. எனக்கும் இல்லை.

முதலில் தள்ளவே விடாதே. பிள்ளைகளைக் கையும் முட்டியும் ஊன்றித் தவழ்கிற மாதிரி நிற்க வை. அப்புறம் முட்டியை மட்டும் தரையிலிருந்து லேசாகத் தூக்கச் சொல். முதுகின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வை. சிந்தாமல் முன்னும் பின்னும் நகர வேண்டும். முதுகு நேராக இருக்கிறதா இல்லையா என்று டம்ளரே சொல்லிவிடும், நீ தொண்டை கிழியக் கத்த வேண்டாம். தோள் எப்போதும் இடுப்பைவிடத் தாழக் கூடாது. தாடை நெஞ்சில் படக் கூடாது. கண் முன்னால் பார்க்க வேண்டும். தலை குனிந்த பிள்ளையை உடனே வெளியே கூப்பிட்டுவிடு, ஏனென்றால் கழுத்து போவது அப்படித்தான்.

அடுத்தது ஒருத்திக்கு ஒருத்தி, இரண்டு பேரும் மண்டியிட்டு. தோளோடு தோள் வைத்து ஒருத்தி மெல்லத் தள்ள, மற்றவள் தாங்க வேண்டும். பிடித்துக்கொள்ள நல்ல ஜெர்சி இல்லையென்றால் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டு. அதைப் பிடித்துப் பழகட்டும். மண்டியிட்டு வந்த பிறகு நின்றபடி. அதுவும் வந்த பிறகுதான் மூன்று பேருக்கு மூன்று பேர். அவசரப்படாதே.

எதையாவது தள்ளியே தீர வேண்டும் என்றால் ஒரு நெல் சாக்கில் உமியை அடைத்துத் தைத்து, இரண்டு பேரைப் பின்னால் நின்று தாங்கச் சொல். சுவர், மரம், நின்றுபோன வேன் எதுவும் வேண்டாம். பதில் தள்ளாத எதையும் தள்ள வைக்காதே. எதிரே இருக்கிறவள் தளர்ந்தால் அது நம் தோளுக்குத் தெரிய வேண்டும், நாமும் அந்த நொடியே தளர வேண்டும். ஸ்கிரம் என்பது அவ்வளவுதான். பலமெல்லாம் அப்புறம்.

நடுவர் "கிரவுச்" என்றால் குனிய வேண்டும். "பைண்ட்" என்றால் பிடிக்க வேண்டும். "செட்" என்றால் சேர வேண்டும். பந்து உள்ளே வந்த பிறகுதான் தள்ளல். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் வந்து, உங்கள் முதல் வரிசைப் பிள்ளைகள் பயிற்சி எடுத்தவர்களா என்று கேட்பார். சந்தேகம் இருந்தால் இல்லை என்று சொல்லிவிடு. தள்ளாத ஸ்கிரம் வைத்துக்கொள்வார்கள், சும்மா கோர்த்து நின்றால் போதும். அதில் ஒன்றும் கேவலம் இல்லை.

முதல் வரிசை ஆடினேன் என்றா சொன்னாய்? உன் வாயை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் எப்படித்தான் சமாளிக்கிறார்களோ.

வெண்மதி

*

கடலூர் முதுநகர்
14 ஜூலை 2024

வெண்மதி டீச்சருக்கு மாணவி சிந்தியா எழுதுவது,

டம்ளர் பாடம் ஓடுகிறது. முதல் நாள் மைதானமே குழாயடி மாதிரி ஆகிவிட்டது. இப்போது பத்துப் பேரில் ஆறு பேர் சிந்தாமல் நகர்கிறார்கள். ஜான்சி என்று ஒரு பெண், பதினோராம் வகுப்பு, சிங்காரத்தோப்பு கோவிந்தசாமியின் மகள். அவள் முதுகில் டம்ளரை வைத்தால் எடுக்க மறந்துவிடலாம், அப்படி இருக்கிறது. நடுவில் அவளைத்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒருத்திக்கு ஒருத்தி என்று வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. குனிந்து தோள் வைக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பு என்றால் கெக்கெக்கே என்று. இடுப்பைப் பிடிக்கச் சொன்னால் துண்டு நுனியை இரண்டு விரலால் பிடிக்கிறார்கள். பக்கத்துப் பள்ளிப் பையன்கள் காம்பவுண்டு சுவரில் ஏறி உட்கார்ந்து வேறு பார்க்கிறார்கள். அவர்கள் முன்னால் குனியச் சொன்னால் எந்தப் பிள்ளை குனியும்? "மிஸ், அசிங்கமா இருக்கு மிஸ்" என்று ஒருத்தி அழுதே விட்டாள். சுவரோரமாக என் பழைய புடவையைக் கட்டி மறைத்தேன். காற்று அதைக் கொண்டுபோய் வாலிபால் கம்பத்தில் போட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து சிங்காரத்தோப்புப் பக்கம் போனேன். கரையில் கோவிந்தசாமி தன் ஃபைபர் படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஜான்சியும் அவள் தோழிகள் இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார்கள். குனிந்துதான். ஒட்டித்தான். ஆம்பிளைகள் சுற்றி நிற்கிறார்கள், யாருக்கும் கூச்சம் இல்லை. ஜான்சி "ஐலசா" என்றாள், மூன்று பேரும் ஒரே உலுக்கு, படகு ஓடியது. இதைத்தானே நான் இரண்டு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அதனால் இப்போது சாயங்காலப் பயிற்சி கரையில்தான். உமி மூட்டைக்குப் பதில் படகு. எவளும் சிரிப்பதில்லை. என்ன தள்ளு தள்ளுகிறார்கள் தெரியுமா, நீ பார்த்தால் அசந்துவிடுவாய்.

சிந்தியா

*

சிதம்பரம்
18 ஜூலை 2024

சிந்தியா,

படகை விடு.

படகைத் தள்ளுகிறவர்கள் தலையைத் தொங்கப்போட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஒரே உலுக்காக உலுக்குவார்கள். பரங்கிப்பேட்டைக் கரையில் நானும் பார்த்திருக்கிறேன். படகுக்கு அது சரி. படகுக்குக் கழுத்து கிடையாது. எதிரே ஒரு பெண் குனிந்து நிற்கும்போது இவர்கள் அதே பழக்கத்தில் உலுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அதிலும் அந்த "ஐலசா" கூடவே கூடாது. நடுவர் சொல்வதைத் தவிர எந்தக் குரலுக்கும் அவர்கள் உடம்பு பழகக் கூடாது.

சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்பு நாலு நாளில் போய்விடும். பையன்கள் சுவரில் ஏறினால் கல்லை எடு. வெட்கத்துக்கு மருந்து அது இல்லையென்றாலும் பையன்களுக்கு மருந்து அதுதான்.

மறுபடி மண்டியிடுவதிலிருந்து ஆரம்பி. படகை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

வெண்மதி

*

கடலூர் முதுநகர்
13 ஆகஸ்ட் 2024

வெண்மதி,

சனிக்கிழமையிலிருந்து உனக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் மணி அடித்தது. இப்போது அடிப்பதுகூட இல்லை. பிளாக் செய்துவிட்டாய் என்று புரிந்தது. வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துவிடாதே.

உன் பிள்ளை சுவேதா எப்படி இருக்கிறாள்? நம் இரண்டு பள்ளிகளும் மோதிய ஆட்டத்தில் ஸ்கிரம் சரிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்தார்கள், அவள் மட்டும் எழவில்லை. நான் ஓடி வந்தேன். நீ கையை நீட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாய். ஆம்புலன்ஸில் ஏறும்போதும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ரக்பி என்றால் அடிபடத்தான் செய்யும். நம் காலத்தில் உனக்குத் தோள்பட்டை இறங்கவில்லையா? நடுவர் விசில் அடித்தார், பெனால்டி கொடுத்தார், ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். எங்கள் பிள்ளைகள் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. அதன் பிறகு அவர்கள் ஃபைனலும் ஆடி ஜெயித்தார்கள் என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நேற்றுக் காலை பிரேயரில் எல்லோருக்கும் கைதட்டல். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டிரம்மின் மேல் போட்டிருக்கிறேன்.

சிதம்பரம் ஒன்றரை மணி நேரப் பஸ். வந்து சுவேதாவைப் பார்க்க வேண்டும். வரலாமா என்று மட்டும் சொல்.

சிந்தியா

*

சிதம்பரம்
19 ஆகஸ்ட் 2024

சிந்தியா,

வர வேண்டாம்.

சுவேதாவுக்குக் கழுத்தெலும்பு உடையவில்லை. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது. காலர் போட்டிருக்கிறார்கள். வலது கை விரல்கள் முதல் இரண்டு நாள் மரத்தே கிடந்தன. இப்போது உணர்ச்சி இருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. டாக்டர் "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குக் காபி போட்டுக் கொடுக்கிறார். நான் அதைக் குடித்துவிட்டு வருகிறேன்.

நீ சங்கடம் என்று எழுதியிருக்கிறாய். சால்வையை எங்கே வைப்பது என்பதுதான் உனக்குச் சங்கடம்.

ரக்பி என்றால் அடிபடும் என்று எனக்கே பாடம் எடுக்காதே. அது விளையாட்டில் பட்ட அடி இல்லை. "செட்" சொல்லி, பந்து இன்னும் அதை உருட்டிவிடும் ஸ்கிரம்-ஹாஃப் கையில் இருக்கும்போதே, உன் பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே உலுக்காக உலுக்கினார்கள். தலை தொங்கியிருந்தது, முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. நான் எதிர்ப்பக்கத்தில் நின்றேன், தெளிவாகப் பார்த்தேன். அதற்கு முன்னால் "ஐலசா" என்று ஒரு பெண் குரல் கேட்டது. உன் நடுப் பெண் கத்தியது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியிலிருந்து அதைப் புகாராகவே உங்கள் எச்.எம்.-க்கு எழுதியாகிவிட்டது.

நான் ஜூலையில் உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். அந்த வரி வரவே இல்லை. வேலையாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். என் முட்டாள்தனம்.

ஒரே கேள்வி. படகை விட்டாயா?

வெண்மதி

*

கடலூர் முதுநகர்
24 ஆகஸ்ட் 2024

வெண்மதி,

விடவில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கு ஒரு நாள் நிறுத்தினேன். மறுநாள் மைதானத்தில் மண்டியிடச் சொன்னேன். மறுபடி சிரிப்பு, மறுபடி சுவரில் பையன்கள். எச்.எம். மேடம் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "இன்னும் முட்டி போட்டுக்கிட்டே இருக்காங்களே டீச்சர், எப்ப ஆடுவாங்க?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே கரைக்குக் கூட்டிப் போய்விட்டேன். உனக்கு என்ன எழுதுவது? பொய் எழுத மனம் வரவில்லை. அதனால் எழுதவே இல்லை. அதுவும் பொய்தான் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். "ஐலசா" என்றது ஜான்சி இல்லை. நான்.

முதல் ஸ்கிரமில் உங்கள் பிள்ளைகள் எங்களைப் பின்னால் தள்ளிவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? உன் பிள்ளைகள் அழகாகச் செய்தார்கள். என் பக்கத்தில் நின்ற எச்.எம். மேடம், "இதுக்குத்தான் இவ்ளோ நாளு கரைக்குப் போனீங்களா?" என்றார். இரண்டாவது ஸ்கிரமுக்குக் குனிந்ததும் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. கரையில் தினமும் நான்தான் சொல்லிப் பழக்கியிருந்தேன். அவர்கள் உடம்பு அதற்குத்தான் பழகியிருந்தது. நீ எழுதினபடியேதான் நடந்தது.

உங்கள் புகார் வந்த அன்று எச்.எம். மேடம் ஜான்சியையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். "யாரு கத்தினது?" என்றார். நான் மேஜையிலிருந்த புகார்க் கடிதத்தையே பார்த்தேன். ஜான்சி தரையைப் பார்த்தபடி, "நாந்தான் மேடம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கத்தியதும் எல்லோருமே சேர்ந்து கத்தினார்கள். குனிந்து கிடந்த பிள்ளைக்கு முதல் குரல் யாருடையது என்று தெரிந்திருக்காது, தான்தான் என்று நம்பிவிட்டாள் போலிருக்கிறது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "குப்பத்துப் புள்ளைங்களுக்கு எங்க போனாலும் இந்த முரட்டுத்தனம் போவாது" என்றார் மேடம். அதற்கும் சும்மா நின்றேன். மறுநாள் பிரேயரில் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி அணியிலிருந்து நீக்கினார்கள். அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடமே வரவில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் மூன்று முறை அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுந்து வெளியே வந்தால் அப்படியேதான் இருக்கிறது. முன்பெல்லாம் சிங்காரத்தோப்பு வழியாகத்தான் வீட்டுக்கு வருவேன். இப்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறேன். அந்தப் பிள்ளையின் அம்மா மீன் கூடையோடு எதிரே வந்துவிடுவாளோ என்று தரையைப் பார்த்தே நடக்கிறேன்.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

சிந்தியா

*

சிதம்பரம்
30 ஆகஸ்ட் 2024

சிந்தியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை அறைய வேண்டும் என்று இருந்தது. அது அரை நாள் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

சுவேதா முதல் வரிசை நடுவில் ஆடும் ஹூக்கர் இல்லை. உன்னைப் போல விங் ஆடுகிறவள். நடுவில் ஆட வேண்டிய பெண்ணுக்கு அன்றைக்குக் காய்ச்சல். சுவேதா மண்டியிட்டுத் தோள் வைத்துப் பழகியிருக்கிறாள், அதற்கு மேல் இல்லை. நின்றபடி ஒரு தடவைகூடச் செய்ததில்லை. முதல் ஸ்கிரமில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் வந்து கேட்டார், முதல் வரிசை பயிற்சி எடுத்தவர்களா என்று. தள்ளாத ஸ்கிரம் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒன்றும் கேவலம் இல்லை என்று உனக்கு எழுதியவள் நான்தான். அன்றைக்கு என் வாயிலிருந்து அது வரவில்லை. ஏன் தெரியுமா? நீ பத்தடி தூரத்தில் நின்றாய். உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, உன் காது கேட்க, என் பிள்ளைக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு அசிங்கமாக இருந்தது. "எல்லாரும் டிரெய்னிங் எடுத்தவங்கதான் சார்" என்றேன்.

சுவேதாவின் அம்மா கொடுக்கும் காபி எனக்கு ஏன் கசக்கிறது என்று இப்போது உனக்குப் புரியும். உன்மேல் அவ்வளவு கோபப்பட்டதும் அதனால்தான். கோபம் இருக்கிறவரைக்கும் என் பங்கு ஞாபகம் வரவில்லை. உங்கள் எச்.எம்.-க்குப் போன புகாரை எழுதியதும் நான்தான். "எதிரணியின் நடுவில் ஆடிய மாணவி" என்று என் கையால் எழுதினேன். அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது அப்போது.

போன செவ்வாய்க்கிழமை சுவேதாவின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு நல்லா இருந்திருக்கும் டீச்சர்" என்றார். அன்றைக்குக் காபி போடவில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. சுவேதா இப்போது சீப்பைப் பிடித்துத் தானே தலை வாருகிறாள். கோணல் வகிடு. இனிமேல் ஆடுவாளா என்று இப்போதைக்குக் கேட்க வேண்டாம் என்கிறார் டாக்டர்.

உங்கள் பள்ளிக்கு வேறொரு கடிதம் அனுப்பியிருக்கிறேன், புகாரைத் திரும்பப் பெறுவதாக. அது போதாது என்று எனக்கும் தெரியும். ஜான்சி மேல் விழுந்ததைத் தாளால் எடுக்க முடியாது. நீ அவளிடம் போ. அதன் பிறகு இங்கே வா. இந்த வரிசை மாறக் கூடாது.

நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். ஆனால் போன் பண்ணாதே. அவளிடம் போனதை எழுதித்தான் சொல்ல வேண்டும் நீ.

வெண்மதி

*

கடலூர் முதுநகர்
8 செப்டம்பர் 2024, ஞாயிறு

வெண்மதி,

உன் கடிதம் வந்தும் ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை எச்.எம். மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். படகு, குரல், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி டீச்சர், புகாரும் வாபஸ் ஆயிடுச்சி. கமுக்கமா வுட்டுடலாம். அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க, டீம்ல சேத்துக்கலாம்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வேலை போகவில்லை, பேரும் கெடவில்லை, இனிமேல் ஜான்சியிடம் மன்னிப்புக் கேட்பதுதானே என்று நினைத்தேன்.

இன்று மாதா பிறந்தநாள் பூசை முடிந்ததும் சிங்காரத்தோப்பு போனேன். கோவிந்தசாமி வெளியே வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஜான்சியின் அம்மா மங்கலம் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் வாங்கி வரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கத்தினது ஜான்சி இல்லை, நான். தப்பாகச் சொல்லிக்கொடுத்ததும் நான். அவளைத் திட்டும்போது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்.

கோவிந்தசாமி என்னை ஏதாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வுடுங்க டீச்சர், ஆட்டம்னா நாலும் இருக்கும். நீங்க போயி இதுக்கோசரம் வந்துக்கிட்டு" என்றார். அவர் கையில் கலர் பாட்டிலை வைத்துக்கொண்டு, நான் குடிக்க மாட்டேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். வாங்கினேன். குடிக்காமலே கையில் வைத்திருந்தேன்.

ஜான்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம், "நீதான் கத்தினேன்னு நம்பிட்டியேம்மா, அதை நெனச்சாத்தான் எனக்கு" என்று ஆரம்பித்தேன்.

"நான் நம்பல மிஸ்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சத்தம் போடாமல், நான் சொல்லித் தந்ததை ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "உங்க கொரல் எனக்குத் தெரியாதா? தெனமும் கேட்டதுதான? நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதான் நான்னு சொன்னேன். நான் சொன்ன ஒடனே இல்ல இல்ல நாந்தான்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அப்ப சொல்லல. சரி, பிரேயர்ல சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்பறம் ஸ்கூலுக்கு வராம இருந்தா தேடிக்கிட்டாவது வருவீங்கன்னு பாத்தேன்."

மங்கலம், "ஏய், டீச்சர்கிட்ட என்னா பேச்சு" என்று அவளை அதட்டினார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வெண்மதி, இத்தனை நாளாக அந்தப் பிள்ளை எதை நம்பிவிட்டாளோ என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் நம்பியதெல்லாம் என்னைத்தான்.

எச்.எம். மேடத்திடம் சொல்லிவிட்டேன், அணியில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள், நாளைக்கு வா என்றேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்களா மிஸ், இல்ல ரூமுக்குள்ள சொன்னீங்களா?"

"ரூமுக்குள்ளதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். என் கையில் அப்படியே இருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு வெளியே வரவில்லை.

நாளை திங்கள்கிழமை, பிரேயர் உண்டு. மைக்கைக் கேட்டால் மேடம் தர மாட்டார். அதனால் கேட்கப் போவதில்லை, செய்தி வாசிக்கிற பிள்ளை முடித்ததும் போய் நின்றுவிடுவேன். மொத்தப் பள்ளிக்கூடமும் நிற்கும். அதன் பிறகு வேலை இருக்கிறதோ இல்லையோ, மத்தியானப் பஸ்ஸில் சிதம்பரம் வருகிறேன்.

பாதியில் பயந்து திரும்பிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் இதை எழுதி, விடிந்ததும் பள்ளிக்குப் போகிற வழியில் தபாலில் போடப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருக்க வேண்டும். சொன்னேனா என்று என்னிடம் கேட்காதே, ஜான்சியிடம் கேள்.

சிந்தியா